ஒரு வாத்தியாரைப் பற்றி இன்னொரு வாத்தியாருக்கு

ம்ட்வாரா, தான்சானியா
அக்டோபர் 15

அன்புள்ள ராசு,

இங்கு நான் நலம். நீயும் தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் நலம்தானே?

நான் ஊரிலிருந்து கிளம்புகிற அன்று காலையில்தான் உன் கடிதம் வந்தது. அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, தார் எஸ் சலாமில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது படித்தேன். இருபத்திரண்டு வருஷமாய் நீ நடத்திய படிப்பகத்தை, "இனிமே நாங்க பாத்துக்கறோம், நீங்க ஓய்வெடுங்க சார்" என்று பசங்கள் கேட்டது உனக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. பேனாவை அழுத்தி எழுதியதில் தாளின் மறுபக்கம் மேடு மேடாய்த் தட்டுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நம் பிழைப்புச் சேதி. இந்த வருஷம் முந்திரிக்கொட்டை பரவாயில்லை. முந்தாநாள் ஒரு கிலோ மாதிரி எடுத்து எண்ணினேன், நூற்றுத் தொண்ணூறு சொச்சம் நின்றது. அறுத்துப் பார்த்ததில் பருப்பும் தேறுகிறது. ஏலத்தில் விலை எங்கே போய் நிற்குமோ, அதுதான் தெரியாது. சரக்கு தூத்துக்குடி போய்ச் சேர்கிற கணக்கைப் போட்டு வைத்திருக்கிறேன்.

நேற்று இங்கே எல்லாம் மூடிக் கிடந்தது. அக்டோபர் 14, ஜூலியஸ் நைரேரே இறந்த நாள், அரசு விடுமுறை. 1999-இல் லண்டன் ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோயில் போனார். இந்த நாட்டின் முதல் தலைவர். ஆனால் இங்கே யாரும் அவரை அதிபர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'ம்வாலிமு' என்பார்கள். ம்வாலிமு என்றால் வாத்தியார். உண்மையிலேயே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து அரசியலுக்கு வந்தவர். ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்ததும் இந்த ஆள்தான். அதுவும் நாட்டை ஆண்டுகொண்டே. கேட்டால் நீ பொறாமைப்படுவாய் என்று தெரியும்.

கிடங்கில் நேற்று மூன்று பேர் வெறுமனே உட்கார்ந்து கதையடித்துக்கொண்டிருந்தார்கள். காவல்காரர் இந்தப் பக்கத்து மக்கொண்டே இனம். கணக்கெழுதுகிற பையன் வடக்குக் கோடி ம்வான்சாவிலிருந்து வந்த சுகுமா இனம். லாரி ஓட்டுகிறவர் கிளிமஞ்சாரோ அடிவாரத்துச் சாகா இனம். வீட்டு மொழி மூவருக்கும் வேறு வேறு. பேச்சும் சண்டையும் சிரிப்பும் சுவாஹிலியில். பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து "ஷிகாமூ" என்றான். 'உங்கள் காலைத் தொடுகிறேன்' என்று அர்த்தம், பெரியவர்களுக்குச் சொல்வது. நான் "மராஹபா" என்று பதில் சொன்னேன். இத்தனை வருஷத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அந்த ஒன்றுதான்.

நூற்றிருபதுக்கு மேல் இனக்குழுக்கள் உள்ள நாடு ராசு. நைரேரே பிறந்த சனாக்கி அதில் மிகச் சிறியது. சுற்றிலும் உள்ள சில நாடுகள் இனச்சண்டையில் எரிந்தபோது இங்கே அந்தத் தீ பற்றவில்லை. அது தானாக நடந்ததில்லை. சுவாஹிலியை எல்லோருக்கும் பொதுவாக்கினார். தெற்கத்திப் பிள்ளையை வடக்கே விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள், அதிகாரியைச் சொந்த மாவட்டத்தில் போடாமல் வேறு ஊருக்கு அனுப்பினார்கள். 1961-இல், சுதந்திரத்துக்குச் சில வாரம் முன்னால், கறுப்பர்களுக்கு மட்டும்தான் குடியுரிமை என்று சொந்தக் கட்சிக்காரர்களே சட்டசபையில் கிளம்பினார்கள். தோலின் நிறத்தை வைத்துக் குடியுரிமை கொடுப்பது குற்றம், நிறம் பார்க்காத இந்த மசோதா தோற்றால் நான் விலகுகிறேன் என்று நைரேரே நின்றார். இந்திய வம்சாவளியில் வந்த அமீர் ஜமால் பிற்பாடு நிதி அமைச்சராகவே இருந்தார். அதே ஆட்சி 1971-இல் வாடகைக் கட்டடங்களை அரசுடைமையாக்கியதில் அதிகம் இழந்ததும் இந்திய வம்சாவளியினர்தான். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நீ விடமாட்டாய்.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது வேறு விஷயம். போன வாரம் மசாசிப் பக்கம் ஒரு பெரியவரின் தோப்புக்குப் போயிருந்தேன். கிளைகள் தரையைத் தொட்டுப் பரந்து கிடக்கிற பழைய மரங்கள். ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, அப்பன் நட்டது என்றார். 1973-இல் நைரேரே ஒரு கட்டளை போட்டார்: 1976 முடிவதற்குள் ஜனங்கள் அத்தனை பேரும் சிதறிக் கிடக்காமல் கிராமங்களாகச் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும். பள்ளி, தண்ணீர், மருந்தகம் கொடுக்க வேறு வழியில்லை என்பது அவர் நியாயம். 'உஜாமா' என்று பெயர். நம் பக்கத்தில் தாயா புள்ளையா இருக்கறது என்போமே, கிட்டத்தட்ட அதுதான். பெரியவர் வீட்டையும் லாரியில் ஏற்றி ரோட்டோரம் இறக்கிவிட்டார்கள். தோப்பு ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

முந்திரி பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரத்தடியில் களை எடுக்காவிட்டால் விழுந்த கொட்டை கண்ணுக்கே தெரியாது. புதர் மண்டியது, புதரில் தீப்பிடித்தது, பூக்கிற நேரத்தில் சாம்பல் நோய் வந்தது. கொள்முதல் விலையும் கட்டுப்படியாகவில்லை. 1973-74-இல் ஏறக்குறைய 1,45,000 டன் கொட்டை எடுத்த நாடு, எண்பதுகளின் நடுவில் இருபதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. உலக வங்கிக் கடனில் கட்டிய உடைப்பு ஆலைகள் கொட்டையில்லாமல் பூட்டிக் கிடந்தன. தானே புயலுக்கு மறுநாள் நம் தோப்பில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஒன்றும் பேசாமல் விழுந்த பலாமரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாய். பெரியவர் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தக் கைதான் கண்ணில் நின்றது. நமக்காவது வந்தது காற்று. இவர்களுக்கு வந்தது நல்லெண்ணம்.

"அப்படியென்றால் ம்வாலிமு மேல் கோபம் இல்லையா?" என்று கேட்டேன். லாரி கொண்டுவந்த அதிகாரியைப் பெயர் சொல்லித் திட்டினார். ம்வாலிமுவைத் திட்டவில்லை. "அவர் தப்பை ஒப்புக்கொண்டார், திருடவில்லை" என்றார். அது எனக்கு முழுசாக ஒப்பவில்லை. கட்டளை போட்டது யார்? ஒரே கட்சிதான் என்று சட்டம் வைத்து, விசாரணையில்லாமல் சிறையில் போடும் சட்டமும் வைத்திருந்தால் அதிகாரி வேறெப்படி நடப்பான்? ஆனாலும் பெரியவர் சொன்னதில் பாதி உண்மை. 1966-இல் மாணவர்கள் கட்டாய தேசியப் பணியை எதிர்த்து ஊர்வலம் வந்தபோது, அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தன் சம்பளத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டார். 1977-இல், நாம் இன்னும் சமதர்ம நாடாகவும் ஆகவில்லை, சொந்தக் காலிலும் நிற்கவில்லை என்று தானே எழுதினார். ஆட்சியில் இருந்துகொண்டே அப்படி எழுதியவர்கள் எத்தனை பேர், சொல்லு.

1985-இல் பதவியை விட்டார். யாரும் தள்ளவில்லை. சொந்த ஊரான புட்டியாமாவுக்குப் போய் விவசாயம் பார்த்தார். கட்சித் தலைமையை மட்டும் 1990 வரை விடவில்லை, பிறகு அதையும் விட்டார். உனக்கு ஒரு வேடிக்கை: முதல் தடவை அவர் பதவி விலகியது சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம் கழித்து. பிரதமர் நாற்காலியைக் கட்சித் தோழர் ரஷீதி கவாவாவிடம் கொடுத்துவிட்டுக் கட்சியைச் சீர்படுத்த ஊர் ஊராகப் போனார். 1962 கடைசியில் அதிபராகத் திரும்பி வந்தார், அது வேறு கதை.

1997-இல் கானாவின் நாற்பதாம் ஆண்டு விழாவில், ஆப்பிரிக்கா ஏன் ஒன்றாகவில்லை என்று பேசினார். இத்தனை கொடி, இத்தனை தேசிய கீதம், இத்தனை பேருக்குக் குண்டு முழக்க மரியாதை என்று ஆன பிறகு எவன் விட்டுக்கொடுப்பான் என்கிற தொனி. எழுபத்தைந்தை நெருங்குகிற வயதில் அந்தக் கிண்டல். அதற்கு அப்புறமும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து நாடான புருண்டியில் ஹூட்டு, துத்சி என்கிற இரண்டு இனத்தாரும் வெட்டிக்கொண்டு செத்தபோது, இரு தரப்பையும் இங்கே வடக்கே அரூஷா நகரத்தில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பாதியில் இறந்துபோனார். மண்டேலா அந்த வேலையை எடுத்துக்கொண்டு 2000-இல் ஒப்பந்தம் வரைக்கும் கொண்டுவந்தார்.

படிப்பகத்தை விடு என்றும் சொல்லமாட்டேன், விடாதே என்றும் சொல்லமாட்டேன். பெரியவர் தோப்பில் உட்கார்ந்திருந்தபோது உன் கடிதம் பையில் இருந்தது, அவ்வளவுதான். ஒன்று மட்டும் கேட்கிறேன். சாவியைக் கொடுத்த பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவாயா, இல்லை நம் தோப்புக்கு வருவாயா? புயலுக்குப் பிறகு வைத்த ஒட்டுக்கன்றுகளுக்கு அடியில் களை ஏறியிருக்கும். டிசம்பர் கடைசியில் வருகிறேன். அதற்குள் ஒருமுறை போய்ப் பார்த்து எழுது.

அன்புடன்,
சேகர்