ஒன்பது ‘ஏ’ படங்களுக்குப் பக்கத்தில் ஒரு பத்தி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பதினோராம் ஆண்டு முடிவில் பிள்ளைகள் எழுதும் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும், ஒன்பது பாடங்களிலும் ‘ஏ’ பெற்ற பிள்ளைகளின் படங்களைத் தங்கள் பத்திரிகை வெளியிடுகிறது. அவற்றை நான் ஒன்று விடாமல் பார்ப்பேன். எங்கள் மாவட்டத்துப் பிள்ளை யாராவது அதில் இருந்தால், அந்தப் பக்கத்தை வெட்டி முன்பள்ளிச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் அதே நாளில், ஒரே ஒரு பாடத்தில் தவறிவிட்ட பிள்ளை எந்த வீட்டின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறதோ என்ற நினைப்பும் எனக்கு வராமல் போவதில்லை. ஒரு காலத்தில் அந்தப் பிள்ளையாக இருந்தவள் நான். பதினாறு வயதில் இருந்த எனக்கு இன்று நான் என்ன சொல்லுவேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அதை எழுதிவைத்தால், இப்போது அந்த வயதில் இருக்கும் ஒருத்திக்காவது உதவும் என்பதாலேயே இக்கடிதம்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையைச் சேர்ந்தவள். கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்து, 2002ஆம் ஆண்டு டிசம்பரில் பரீட்சைக்குத் தோற்றினேன். அப்போது மண்முனைத்துறையில் பாலம் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்து வீடு போக வேண்டும். பெறுபேறு கிடைத்த அன்று, நான்கு பாடங்களில் திறமைச் சித்தியும் மற்றவற்றில் சாதாரண சித்தியும், கணிதத்தில் மட்டும் சித்தியின்மையும் எழுதப்பட்டிருந்த அந்தத் துண்டை நான்காக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு, பாதையின் ஓரக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அக்கரை சேரும்போது வியர்வையில் மை கரைந்து உள்ளங்கை நீலமாகியிருந்தது. துறையில் அம்மா காத்துக்கொண்டு நின்றார்.

“றிசல்ட் வந்திட்டா புள்ள?”

“இன்னும் வரல்ல அம்மா.”

அந்தப் பொய் மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. உண்மை தெரியவந்தபோது அம்மா என்னை ஏசவில்லை. அன்றிரவு முழுவதும் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். பல வருடங்களின் பின்னரே, நான் அடுத்த கட்டமான உயர்தரம் படிப்பதற்கென்று தமது தோட்டை அடகு வைக்க அவர் ஏற்கெனவே ஆள் பார்த்து வைத்திருந்தார் என்பதைச் சின்னம்மா சொல்லி அறிந்தேன். ஆகவே பதினாறு வயதான எனக்கு முதலில் சொல்லவேண்டியது, பாதையை விட்டு இறங்கியதும் அந்தத் துண்டை அம்மாவின் கையில் கொடுத்துவிடு என்பதுதான். அம்மாவுக்குக் கணிதம் தெரியாது. ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஒளித்து வைத்ததனால் நான் இழந்தது அந்த மூன்று வாரங்களை மட்டும் என்று நினைத்திருந்தேன். உண்மையில், கேட்கும் பழக்கத்தையே அப்போதுதான் தொலைத்தேன். அதிபரிடமோ, ஆசிரியர்களிடமோ, வலயக் கல்வி அலுவலகத்திலோ நான் கேட்கவில்லை. அவர்களும் என்னைத் தேடிச் சொல்லவில்லை.

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். பாடசாலையை விட்டு விலகியவர் எந்த வயதிலும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அதே பரீட்சைக்குத் தோற்றலாம். எல்லாப் பாடங்களையும் மீண்டும் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. தவறிய ஒரு பாடத்திற்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். உயர்தர அனுமதிக்குக் கேட்கப்படும் ஆறு பாடச் சித்திகளையும் ஒரே அமர்வில் பெற்றிருக்க வேண்டியதில்லை. இரண்டு அமர்வுகளில் பெற்றவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சாதாரண சித்திக்கு வேண்டிய புள்ளி 35. இவ்வளவும் ஒரு தபாலட்டையில் எழுதி முடிக்கக்கூடிய விடயங்கள். இவற்றைத் தெரிந்துகொள்ள எனக்குப் பன்னிரண்டு வருடங்கள் சென்றன.

அந்தப் பன்னிரண்டு வருடங்களை விரிவாகச் சொல்ல விரும்பவில்லை. தையற்கடை, பிறகு குவைத், ஊரில் சிறிது காலம், மீண்டும் குவைத். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு இந்தப் பாதை பழக்கமானது. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லியே ஆகவேண்டும். ஒன்பதாம் ஆண்டில் ஓர் ஆசிரியர், “உனக்குக் கணக்கு ஏறாது” என்று வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நான் அதை அப்படியே நம்பினேன். அதே நான்தான் குவைத்தில் தினாரை ரூபாவாக மாற்றி, அனுப்பும் செலவைக் கழித்து, அம்மாவின் மருந்துக்கும் தம்பியின் படிப்புக்கும் நகை மீட்கவும் என்று பிரித்து, ஒரு சதம் பிசகாமல் மனதிலேயே கணக்குப் பார்த்தேன். ஊருக்கு வந்தபின் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து பிடித்த சீட்டுக்குக் கணக்கு எழுதியதும் நான்தான். வீடு வீடாக வந்து நுண்கடன் கொடுத்தவர்கள் சொன்ன வட்டியை நானே வருடத்திற்குக் கணக்கிட்டுப் பார்த்து, வாங்க வேண்டாம் என்று அயலவர்களிடம் சொன்னேன். அப்போதும் ‘எனக்குக் கணக்கு வராது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைக்கும்போது மனம் வலிக்கிறது. ஆசிரியர் ஒருவர் கோபத்தில் சொல்லிவிட்டுப் போன ஒரு வசனத்தை ஒரு பிள்ளை எத்தனை வருடம் சுமக்கும் என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் தயவுசெய்து எண்ணிப்பார்க்க வேண்டும்.

2015ஆம் ஆண்டில் முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போனபோது கணிதச் சித்தி கேட்டார்கள். பக்கத்து வீட்டில் பத்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பிள்ளைதான் எனக்கு ஆசிரியையானாள். மாலையில் மண்ணெண்ணெய் அடுப்பில் தேநீரை வைத்துவிட்டு அவள் முன்னால் அமர்வேன். பின்னங்களை அவள் பரோட்டாவைப் பிய்த்துக் காட்டி விளங்கப்படுத்தினாள். விகிதம், சதவீதம், வட்டி என்று வந்தபோது, “மாமி, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமே” என்று அவளே ஆச்சரியப்பட்டாள். கேத்திரகணிதம் (வடிவியல்) எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை; அதற்கு வெளியே கிடைக்கக்கூடிய புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, அவற்றை மட்டும் குறிவைத்துப் படித்தோம். அந்த டிசம்பரில், அதற்கு முந்திய வருடம் திறக்கப்பட்டிருந்த மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் சில நிமிடங்களில் வாவியைக் கடந்து பரீட்சை மண்டபத்திற்குப் போனேன். மேசையில் ஒட்டியிருந்த சுட்டெண்ணைப் பார்த்தபோது கை நடுங்கியது. என் பக்கத்து மேசையில் என்னைவிட மூத்த ஒருவர், தலை நரைத்தவர், அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தபின் என் நடுக்கம் நின்றுவிட்டது. நான் சித்தியடைந்தேன்.

இனி, தங்களிடம் நான் கேட்பது. பெறுபேறு வெளியாகும் நாளில், அந்த ஒன்பது ‘ஏ’ படங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பத்தி ஒதுக்குங்கள். விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு எந்தத் திகதிக்குள் விண்ணப்பிப்பது, தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கான விண்ணப்பம் எப்போது கோரப்படும், அதைப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எப்படி நிரப்புவது என்பவற்றை எளிய தமிழில் போடுங்கள். 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் கீழ், சாதாரண தரத்தில் தவறிய பிள்ளையும் பாடசாலையிலேயே தொழிற்பாடப் பிரிவில் தொடரலாம் என்பது எங்கள் பக்கத்துப் பெற்றோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? தேசிய தொழில் தகைமைச் சான்றிதழில் 7ஆம் மட்டம் பட்டத்திற்கு நிகரானது என்பதும், 1980இல் உருவான திறந்த பல்கலைக்கழகத்திற்கு மட்டக்களப்பிலேயே நிலையம் இருக்கிறது என்பதும் கொழும்புக் கடைக்கு மகனை அனுப்பப் புறப்படும் தகப்பனின் காதில் விழவேண்டும். பெண் பிள்ளையென்றால் அந்த வாரமே கல்யாணப் பேச்சைத் தொடங்கும் வீடுகளும் உண்டு. அவர்களும் பத்திரிகை வாசிக்கிறார்கள்.

நான் கற்பித்த முதல் தொகுதிப் பிள்ளைகள் இன்னும் சில வருடங்களில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி, எண்களை எழுதும்போது 6ஐயும் 9ஐயும் எப்போதும் மாற்றி எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அவளுடைய பெறுபேறு வரும் நாளுக்கு முன் அந்தப் பத்தி தங்கள் பத்திரிகையில் தொடங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.