பொலிஸார் படலைக்கு வெளியே நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாவா என்ற போதைப்பாக்கும் ஐஸ் என்ற போதைப்பொருளும் பள்ளிக்கூடத்து மதில் தாண்டி வந்துவிட்டன, ஆகவே பாடசாலைக்கு ஒரு பொலிஸ்காரரை உள்ளே நிறுத்துங்கள் என்ற பேச்சு பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. அந்தப் பயத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் சீருடையோடு ஒருவர் உள்ளே நின்றால் நாள்தோறும் என்ன நடக்கும் என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

யாழ். மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் 400க்கு மேல் பாடசாலைகள் உண்டு; ஒன்றுக்கு ஒருவர் என்றால் அத்தனை பொலிஸார் வேண்டும். நீதிமன்ற நாள், லீவு, விசேட கடமை என்று ஒருவர் போனால் மாற்று ஆள் வேண்டும். நல்லூர்த் திருவிழா தொடங்கினால் சொல்லவே வேண்டாம். பை பார்ப்பதென்றாலும் ஒரு பைக்கு 20 விநாடி, 900 பிள்ளைகள் என்றால் 5 மணித்தியாலம் ஆகும். அதற்குள் பள்ளி விட்டுவிடும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு படலையில் பை பார்த்தது வெடிபொருளுக்காக. மாவா அப்படி அகப்படாது. பெருவிரல் அளவு பொலித்தீன் முடிச்சு, உள்ளே சீவல் பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கசக்கிய தூள். காலுறைக்குள்ளோ கொப்பி உறைக்குள்ளோ இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது சைக்கிள் கொட்டில் சுவரில் உள்ள துப்பல் கறையும், ஒரே பாடவேளையில் மூன்று தரம் தண்ணீர் குடிக்கக் கேட்கும் பிள்ளையும்தான். இதைக் கவனிக்க வகுப்பாசிரியரால் முடியும், படலையில் நிற்கும் கொன்ஸ்டபிளால் முடியாது.

வெளிநாட்டைப் பார் என்கிறார்கள். பார்ப்போம். எங்கள் உறவுகள் செறிந்து வாழும் ரொறன்ரோவில், 2007இல் ஒரு மாணவன் பாடசாலைக்குள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து 2008இல் பொலிஸாரை நியமித்தார்கள். கண்காணிக்கப்படுவதாக உணர்கிறோம் என்று மாணவர்களில் ஒரு பகுதியினர், குறிப்பாகக் கறுப்பினப் பிள்ளைகள், சொன்னதால் 2017 நவம்பரில் மாவட்டப் பாடசாலைச் சபை அதை நிறுத்தியது. 2025இல் ஒன்ராறியோ அரசு மீண்டும் கொண்டுவரச் சட்டமூலம் வைத்தது. அமெரிக்காவின் டென்வர் நகரமும் 2020இல் எடுத்துவிட்டு 2023இல் ஒரு துப்பாக்கிச் சூட்டின் பின் திரும்ப நிறுத்தியது. அங்கே பிரச்சினையே துவக்கைப் பற்றியது. அந்தத் துவக்குக்குக்கூட இது காவலாகவில்லை: 2022இல் டெக்சாஸின் யுவால்டியில் ஒரு பாடசாலைக்கு 376 அதிகாரிகள் வந்து சேர்ந்தும் கொலையாளியை அணுக 77 நிமிடம் ஆனது, 19 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள்.

எங்கள் பாடசாலைகளில் பிழை நடப்பது பொருள் அகப்பட்ட பிறகுதான். ஆசிரியர் அதை மேசை லாச்சிக்குள் இரண்டு நாள் வைத்திருப்பார். அது ஐஸ் என்றால் உடைமையில் வைத்திருந்தவர் அவரே ஆகிறார். அல்லது மலசலகூடத்தில் கொட்டிவிடுவார், பிறகு பெற்றோர் மறுத்தால் காட்ட எதுவும் இல்லை. மிக மோசம், கைத்தொலைபேசியில் படம் எடுப்பது. மாலைக்குள் அது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கு வராது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பையைப் பிள்ளையே திறக்க வேண்டும், இரண்டு ஆசிரியர் முன்னிலையில், வகுப்புக்கு வெளியே. பெண்பிள்ளை என்றால் இருவரும் ஆசிரியைகள். மாணவத் தலைவர்களை இதில் விடவே கூடாது. எடுத்த பொருளைக் கடித உறையில் இட்டு ஒட்டி, திகதி, நேரம், எங்கே இருந்தது என்று எழுதி, ஒட்டிய இடத்தின் குறுக்கே இருவரும் கையெழுத்திட்டு, சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் பதிந்து, அன்றைக்கே பெற்றோரை அழைக்க வேண்டும். மாவா என்றால் விடயம் பாடசாலைக்குள்ளேயே நிற்கலாம். கஞ்சா, ஐஸ் என்று சந்தேகம் வந்தால் அதிபர் நேரே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் பேசி, சிறுவர் மகளிர் பிரிவு அலுவலரைச் சீருடையின்றி வரச் சொல்ல வேண்டும். பெற்றோர் வரும்வரை கேள்வி வேண்டாம். ஜீப் மைதானத்துக்குள் வரவும் வேண்டாம்.

உள்ளேயே பொலிஸ்காரர் நின்றால் இந்தப் படிகள் எல்லாம் ஒரே தாவலில் போய்விடும். பேனை களவு, தள்ளுமுள்ளு, தலைமயிர் வெட்டாதது எல்லாம் அவர் காதுக்குப் போகும். 2018இன் தண்டனைச் சட்டக்கோவை திருத்தச் சட்டப்படி 12 வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது குற்றமே அல்ல. 12க்கும் 14க்கும் இடையில் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்தே நீதவான் முடிவெடுப்பார். எட்டாம் வகுப்புப் பிள்ளையை மிரட்டி வாக்குமூலம் எடுக்கும் ஒருவருக்கு இது நினைவிருக்குமா? வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் பிள்ளையும் பெற்றோரும் வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைப்பார்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பு சொல்கிறது. தமிழில் எழுதித் தராத தாளில் ஒப்பமிட வேண்டாம் என்று பெற்றோருக்கு அதிபர்கள் சொல்லிவைக்க வேண்டும்.

இன்னொன்று, கசப்பானது. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் பொலிஸாரின் சூட்டை அடுத்து இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. காக்கிச் சட்டை இங்கே எல்லாப் பிள்ளைக்கும் பாதுகாப்பின் அடையாளமாகிவிடாது.

பொலிஸாருக்கு வேலை இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மாவாவில் இருப்பது புகையிலை; 21 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே பார்க்க வேண்டியது பிள்ளையின் பையை அல்ல, கடைக்காரரின் லாச்சியை. காலை 7.00 முதல் 7.30 வரையும் பள்ளி விடும் 1.30இலிருந்து 2.00 மணி வரையும் மஞ்சள் கடவையில் ஒருவர், மாலை ரியூட்டரி விடும் நேரம் ஒழுங்கை முனைகளில் ரோந்து: இவை போதும். ஒவ்வொரு வலயக் கல்விப் பணிப்பாளரும் பொறுப்பதிகாரிகளோடு இதை ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பமிட்டால், இடமாற்றத்தில் புதியவர் வந்தாலும் ஒழுங்கு மாறாது.

ஒரு பொலிஸ்காரருக்குச் செலவாகும் பணத்தை ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்கு ஒரு தனி அறை கட்டச் செலவிடலாம். இப்போது பல பாடசாலைகளில் அவர் முழு நேரசூசியும் பாடம் எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் நூலகத்து மூலையில் பிள்ளையோடு பேசுகிறார். வாரத்தில் பத்துப் பாடவேளையையாவது அவருக்கு விடுவித்து, அந்த அறைக் கதவில் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைத் தமிழில் பெரிதாக எழுதிவைக்க அதிபர்கள் நாளைக்கே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பாடசாலை ஒழுக்காற்றுக் குழுக்களில் பணியாற்றி இளைப்பாறிய ஆசிரியர்கள்,
யாழ்ப்பாணம்.