செக்யூரிட்டி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் அம்மாவும் எழுந்து நடமாடுகிறாள். என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதை மறுபடி கிளற எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நடுராத்திரியில் வந்த 108 தம்பிகள், ரத்தம் கொடுக்க ஓடிவந்த ஆபீஸ் நண்பர்கள், சோறு கட்டி அனுப்பிய எதிர்வீட்டு அக்கா, தாய்ப்பால் வங்கிக்குப் பால் கொடுத்த முகம் தெரியாத அம்மாக்கள், டாக்டர்கள், சிஸ்டர்கள். பெயர் சொல்லப் போனால் யாராவது விட்டுப்போகும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பச்சிளங்குழந்தை வார்டு வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன். செருப்பைக் கழற்று, கையைக் கழுவு, கூட்டம் போடாதே என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருப்பார். சிரித்து நான் பார்த்ததில்லை.

பாப்பா 1.3 கிலோ. குறைமாசத்தில் பிறந்த பிள்ளைக்கு உடம்புச் சூட்டைக் காப்பாற்றும் கொழுப்பு சேர்ந்திருக்காது. மூச்சு சீரானதும் சிஸ்டர், "கங்காரு கேர் கொடுக்கணும்" என்றார். பிள்ளையை வெறும் நெஞ்சில் தோலோடு தோலாக அணைத்து வைத்துச் சூடு கொடுப்பதுதான் அது. அம்மாவோ ஐ.சி.யூ.வில். "அதான் அப்பா இருக்கீங்கல்ல?" ஆம்பளை நெஞ்சில் என்ன சூடு இருக்கும் என்று எங்கள் அத்தை கேட்டார். அதே 37 டிகிரிதான் பாட்டி என்று சிஸ்டர் முடித்துவிட்டார். குளித்துவிட்டு, முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள சட்டையோடு வரச் சொன்னார்.

என்னிடம் இருந்ததோ கழுத்து வழியாக மாட்டுகிற டீ-ஷர்ட். கடையெல்லாம் அடைத்த நேரம். வாசலில் நின்று யாருக்கோ போன் போட்டுப் புலம்பியது அண்ணன் காதில் விழுந்திருக்கிறது. ஒன்றும் பேசாமல் போய், தன் பையிலிருந்து ஒரு வெள்ளை அரைக்கைச் சட்டையை எடுத்து வந்தார். துவைத்து இஸ்திரி போட்டது. டியூட்டி முடிந்து மாற்றிக்கொள்ள வைத்திருந்தாராம்.

"உங்களுக்குப் பெருசாத்தான் இருக்கும். பரவால்ல, பாப்பாவும் உள்ள இருக்கணும்ல" என்றார். இரண்டு அடி நடந்தவர் திரும்பி, "போறப்ப மறக்காம குடுத்துடுங்க தம்பி. கல்யாணம் காச்சிக்குப் போடுற சட்டை" என்றார். மறுநாள் காலை யூனிஃபார்மோடே வீட்டுக்குப் போனார்.

அந்தச் சட்டைக்குள்தான் என் மகளை முதன்முதலாக நெஞ்சோடு அணைத்தேன். டயப்பர், குல்லா, சாக்ஸ் தவிர அவள் மேல் ஒன்றுமில்லை. தவளை மாதிரி கால் மடக்கி நெஞ்சில் கவிழ்த்து, மூச்சுப் பாதை மடங்காமலிருக்க முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தாடையைச் சற்றே நிமிர்த்தி, துணியால் கட்டிவிட்டார் சிஸ்டர். வயிறு சூடாக இருந்து பாதம் ஜில்லென்றிருந்தால் குளிர் தாக்குகிறது என்று அர்த்தமாம். பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்ஸுக்குள் விரல் விட்டபோது ஒரு கட்டத்தில் வெதுவெதுப்பு தெரிந்தது. தெர்மாமீட்டரில் 36.8. எனக்கு அழுகை வந்துவிட்டது, சரி, அதை விடுங்கள்.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்த முறை இது என்று பயிற்சி டாக்டர் ஒருவர் சொன்னார். வசதியில்லாத ஊருக்கான மாற்று ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். இல்லையாம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், குழந்தை நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்ததுமே இப்படி அணைத்ததில், 28 நாளுக்குள் நேரும் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்ததாம். எந்திரங்கள் வேண்டாம் என்றில்லை, பாப்பாவை முதலில் தாங்கியது வார்மர்தான். ஆனால் இதில் அப்பாவும் பாட்டியும்கூட உட்காரலாம் என்பதைக் கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் முன்கூட்டியே யாராவது சொல்லித் தொலைக்கலாம்.

அண்ணே, டிஸ்சார்ஜ் அன்று நீங்கள் லீவு. செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனைக்கு வரும்போது சட்டையைத் தருகிறேன், கூடவே புதிதாக ஒன்றும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

அப்புறம், வார்டில் வைக்க ஆறேழு சட்டை வாங்கியிருக்கிறேன். துவைத்து வைத்துக்கொள்வதாக சிஸ்டர் சொல்லிவிட்டார். இனி பாப்பாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாங்கிக் கொடுப்பேன். நீங்களும் கொடுப்பதானால் பருத்தியில், முன்பக்கம் பட்டன் வைத்து, டபுள் எக்ஸ்.எல். அளவில் வாங்குங்கள். வெள்ளை மட்டும் வேண்டாம், பால் கறை போகவே மாட்டேன் என்கிறது.