திருவான்மியூர் தெருக்காரர்களுக்கு ஒரு டெல்லிக்காரியின் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது, இந்த மடலைப் போன வருஷமே எழுதியிருக்க வேண்டும். அம்மா தினமும் "எழுதினியா, எழுதினியா" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, "நீ எழுதாட்டா நானே வீடு வீடா போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டதால் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். பெயர் போட்டு எழுதினால் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்வீர்கள். அதனால் யார் பெயரும் கிடையாது, யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். டெல்லி மயூர் விஹாரிலிருந்து கிளம்பும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன், மாலை நேரத்து மலை மந்திர் முருகன் கோயில் சுண்டல்வரை எல்லாம் தெரியும், சென்னைக்குப் போவது என்பது ஊருக்குத் திரும்புவதுதானே, இதில் யார் தயவு வேண்டும் என்ற நினைப்பு. வெயிலைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால், ஜூன் மாதம் 45 டிகிரியில் லூ என்கிற அனல்காற்று முகத்தில் அறைய அறைய பஸ் ஸ்டாப்பில் நின்றவளுக்கு உங்கள் 38 எம்மாத்திரம் என்பேன். 2006 ஜனவரி 8 அன்று டெல்லி சஃப்தர்ஜங்கில் 0.2 டிகிரி வரைக்கும் இறங்கியதே, அந்தக் குளிரையும் பார்த்த குடும்பம். இரண்டு முனையையும் பார்த்தாயிற்று, நடுவில் என்ன வந்துவிடப்போகிறது என்று ஒரு கணக்கு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ஸில் இரண்டு ராத்திரி தூங்கி, காலையில் சென்ட்ரலில் ஏசி பெட்டியை விட்டுப் பிளாட்பாரத்தில் கால் வைத்தேன், மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதிரே யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. கணக்கு அங்கேயே தப்பிவிட்டது.

2023 ஏப்ரல் கடைசி அது. சாமான் ஏற்றி வந்த லாரி நாலு நாளில் வரும் என்று சொன்ன கம்பெனி பதினோரு நாள் இழுத்தடித்தது. ஒவ்வொரு நாளும் "நாக்பூர் தாண்டிடுச்சு மேடம்" என்பார்கள், அந்த லாரி நாக்பூரை எத்தனை தடவை தாண்டியதோ. அந்தப் பதினோரு நாளும் எங்களைக் காப்பாற்றியது கீழ் வீட்டு அக்கா. மூன்று கோரைப்பாய், ஒரு குக்கர், ஒரு ஸ்டாண்டு ஃபேன். நான் அவசரத்துக்குக் கடையில் பஞ்சு மெத்தை வாங்கப்போகிறேன் என்றதும், "மே மாசத்துல மெத்தையில படுத்தா வெந்துபோயிடுவ, தரையத் தண்ணி போட்டுத் துடைச்சிட்டுப் பாயில படு" என்று அதட்டினீர்களே அக்கா, அந்த அதட்டலுக்குத்தான் முதல் நன்றி.

அப்புறம் கூலர் கதை. இதை மறைக்க முடியாது, தெருவே பார்த்தது. லாரியிலிருந்து முதலில் இறங்கியது எங்கள் இரும்புக் கூலர்தான், டெல்லியில் பன்னிரண்டு கோடைகாலம் எங்களைக் காப்பாற்றியது, அதற்காகவே தனிப் பெட்டி அடித்து அனுப்பியிருந்தோம். ஜன்னலோரம் வைத்துத் தண்ணீர் நிரப்பிப் போட்டுவிட்டோம். ஒரு மணி நேரத்தில் தரை பிசுபிசுத்தது, அப்பளம் நமுத்தது, என் மகனுக்கு மூச்சு முட்டியது. மறுநாள் ஏசி மாட்ட வந்த தம்பி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "காத்துலயே தண்ணி நிக்குதுக்கா, நீங்க இன்னும் தண்ணிய ஊதுறீங்க." அவ்வளவுதான் விஷயம். டெல்லி வெயில் காலத்துக் காற்று காய்ந்த காற்று, கூலர் தட்டியில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு குளிர்ந்து வரும். இங்கே கடலோரக் காற்றுக்கு அந்தத் தாகமே கிடையாது. உடம்பு வேர்வைக்கும் அதே கதிதான், காய்ந்தால்தானே குளிர்ச்சி, இங்கே அது வழிந்துகொண்டே இருக்கிறது. பகலில் 44 டிகிரி அடித்த நாளில் கூட ராத்திரி மொட்டை மாடியில் தூங்கியவள் 36 டிகிரியில் தவித்ததற்குக் காரணம் இதுதான் என்று எனக்கு நாற்பத்து மூன்று வயதில் புரியவைத்தது அந்தத் தம்பி. வெளியே இருக்கும் ஏசிப் பெட்டியை மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவிவிடச் சொன்னதும் அவர்தான், இல்லாவிட்டால் உப்புக்காற்று தின்றுவிடுமாம். எதிர் வீட்டு மாடியில் தின்று முடித்த ஒன்றைக் காட்டவும் காட்டினார். கூலரில் இப்போது துளசியும் கற்பூரவல்லியும் வளர்கின்றன. அதன் தட்டியில் இருந்த கஸ் புல்லைத் தூக்கிப் போடப் போனபோது இஸ்திரிக்கார அண்ணன் முகர்ந்து பார்த்து, "இது நம்ம வெட்டிவேரும்மா" என்றார். அதே வேர்தான். அங்கே தட்டியில் கட்டிக் காற்றைக் குளிரவைக்கிறார்கள், இங்கே மண்பானைத் தண்ணீரில் போடுகிறார்கள். புது வெட்டிவேர் ஒரு கட்டும் பானையும் அவரே வாங்கி வந்து தந்தார், காசு எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. அண்ணா, இன்னும் பாக்கி இருக்கிறது.

முதல் மாடிப் பேராசிரியர் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. டெல்லிப் பழக்கத்தில் நான் காலை ஒன்பது மணிக்கே ஜன்னலை எல்லாம் அடைத்துத் திரை போட்டுவிட்டு, சாயங்காலம் ஆறு மணிவரை திறக்காமல் இருந்தேன். அங்கே அப்படித்தான், வெளிக்காற்று வந்தால் வெந்துபோவோம். ஐயாதான் என்னைக் கூப்பிட்டுப் பின்பக்கத்துத் தென்னையைக் காட்டினார். "ஓலை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரும்மா. கிழக்கே சாஞ்சிருந்தா தரைக்காத்து, அடைச்சு வை. மேற்கே திரும்பிச்சுன்னா கடல்காத்து வந்தாச்சு, எல்லாத்தையும் தொறந்துவிடு." தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகும், தரைமேல் இருக்கும் காற்று மேலே கிளம்ப அந்த இடத்துக்குக் கடல்காற்று உள்ளே வருகிறது. சாதாரண நாளில் மதியத்துக்குள் வந்துவிடும், கத்திரியில் மேற்குக்காற்று பலமாக இருந்தால் மூன்று மணிவரைக்கும் வராது, அன்றைக்குத்தான் 40 டிகிரியைத் தாண்டும். இப்போது எங்கள் வீட்டில் டிவியில் வானிலை பார்க்கிறவர்கள் யாரும் இல்லை, ஓலையைத்தான் பார்க்கிறோம்.

மீன்கார அம்மாவுக்கு என் மேல் ஆரம்பத்தில் நல்ல அபிப்பிராயம் இல்லை என்று நினைக்கிறேன். கடல் பக்கம் குடிவந்தாயிற்று, இனி டெல்லியில் மாதிரி ஐ.என்.ஏ மார்க்கெட்டுக்கும் சி.ஆர். பார்க்குக்கும் மீனுக்காக அலைய வேண்டாம் என்று முதல் வாரமே போய் வஞ்சிரம் கேட்டேன். விலையைக் கேட்டு நான் முழித்ததும், "தடைக்காலம் தெரியாதா, ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் விசைப்படகு போகாது, எங்கேர்ந்து வரீங்க?" என்றார். பிறகு அவரே ஃபைபர் படகில் வந்த சின்ன மீனைக் காட்டி, எதற்குக் குழம்பு எதற்கு வறுவல் என்று சொல்லிக்கொடுத்தார். ஜூன் 15க்கு அப்புறம் வா என்றார், போனேன், அன்றிலிருந்து வாடிக்கை.

ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களிடம் ஒரு மன்னிப்பும் பாக்கி. டெல்லியில் ஆட்டோக்காரரோ காய்கறிக்காரரோ, யாராக இருந்தாலும் 'பையா'தான், ஹிந்தியில் அண்ணன் என்று அர்த்தம். நாக்கில் ஊறிப்போன சொல். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவரைப் போய் "பையா, அடையாறு வருவீங்களா" என்று கேட்டிருக்கிறேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, "எந்தப் பையனம்மா கூப்பிடுற?" என்றார். அர்த்தம் விளங்கியதும் ஸ்டாண்டே சிரித்தது, அன்றிலிருந்து என் மகனுக்கு அங்கே பெயர் 'பையா'. அவனை டியூஷனிலிருந்து மழையில் கூட்டிவந்து விட்டுவிட்டு வெயிட்டிங் காசு வாங்காமல் போன நாட்கள் எத்தனை என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இனி அம்மாவைப் பற்றி. 1977இல் கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து டெல்லி போனவர். நாற்பத்தாறு வருஷம் கழித்துத் தமிழ்நாட்டுக்குத் திரும்பினால் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேன், அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் முதல் மாதத்திலேயே பேச்சு குறைந்துவிட்டது. ஜனவரியில் மொட்டை மாடியில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பஞ்சாபி மாமிகளோடு பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டு, சிவப்புக் கேரட் அல்வாவுக்கு யார் வீட்டில் எவ்வளவு நெய் என்று வம்பு பேசுவதுதான் அவருக்கு வாழ்க்கை. மார்ச்சில் இலவ மரம் சிவப்பாகப் பூத்தால் ஸ்வெட்டரைத் துவைத்து அந்துருண்டை போட்டு வைப்பார், மே மாதம் சரக்கொன்றை, மழை ஓய்ந்ததும் வாசலில் பவழமல்லி. காலண்டரே தேவையில்லை. இங்கே வந்து ஒருநாள், "எப்பப் பாத்தாலும் ஒரே மாசமா இருக்குடி" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அந்த மே மாதத்திலேயே தலைசுற்றி விழுந்தார். நான் குளூக்கோஸ் வாங்க ஓடியபோது, மருந்துக்கடை அண்ணன் அதைக் கொடுக்காமல் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டு, சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுல சிறுநீர் அதிகமா போக வைக்கிற மருந்து இருக்கு, இங்க வேர்வையும் சேர்ந்து போகுது, உடனே டாக்டரைப் பாருங்க" என்று அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். ரத்தத்தில் உப்பு இறங்கியிருந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றினார், இரண்டு நாளில் சரியானது. மருந்தீஸ்வரர் ஊரில் மருந்துக்கடைக்காரர் காப்பாற்றினார் என்று அம்மா இன்றைக்கும் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் சொல்கிறார், சாமி கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறேன்.

அதற்கப்புறம் அவரை மீட்டது விடிகாலை ஐந்தரை மணி மாமிகள் கூட்டம். வாசலில் வந்து நின்று, "டெல்லி மாமி, வாங்கோ" என்று கையைப் பிடித்துக் கடற்கரைக்கு இழுத்துப் போனீர்கள். அங்கே நடப்பது குறைவு, பேச்சுதான் அதிகம் என்று எனக்குத் தெரியும். இப்போது அம்மா நுங்கு வந்தாயிற்று, மாவடு வந்தாயிற்று, மல்லி விலை இறங்கிவிட்டது என்று மாதம் சொல்கிறார்.

அந்த ஜூலையில் யமுனை 208.66 மீட்டருக்கு ஏறி 1978இன் அளவையும் தாண்டியதை இங்கே உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்து ஆற்றுப்படுகையில் கீரையும் முள்ளங்கியும் பயிரிட்டு எங்களுக்கு விற்றவர்கள், மேம்பாலத்தடியில் தார்ப்பாய் கட்டிக் கிடந்தார்கள். நாங்கள் கிளம்பிய அன்று ரயிலுக்கென்று ஒரு பை வெள்ளரிக்காயைக் காசு வாங்காமல் கொடுத்தவரும் அங்கேதான் குடியிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இது அவர் கைக்குப் போகாது, இருந்தாலும் இந்த மடலில் அவர் இல்லாமல் எப்படி.

மழையைப் பற்றியும் எனக்குத் தப்புக் கணக்குதான். டெல்லியில் செப்டம்பரோடு மழை முடிந்துவிடும், டிசம்பர் என்றால் பனிமூட்டம். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. தீபாவளிக்கு முன்பே கீழ் வீட்டு அக்கா, மொட்டை மாடித் தூம்பில் இலை அடைத்திருக்கிறதா பார், பத்திரங்களைப் பிளாஸ்டிக் கவரில் போடு, ஸ்கூட்டரை மேட்டில் நிறுத்து என்று சொன்னபோது கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். டிசம்பர் 3 ராத்திரி ஆரம்பித்து 4ஆம் தேதி முழுக்க மிக்ஜாம் புயல் கொட்டியதில் அக்கா வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் எல்லாரும் மேலே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், வாட்ச்மேன் குடும்பமும் சேர்த்து இரண்டு அறையில் பதினோரு பேர். கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. படுக்க என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் ட்ரங்குப் பெட்டியில் இருந்த ரஜாய்கள், டெல்லிக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் பஞ்சுப் போர்வைகள், நினைவுக்கு வந்தன. சென்னையில் எதற்கு இதெல்லாம் என்று எல்லாரும் கேலி செய்த ஆறு பஞ்சு ரஜாய், தரை முழுக்க விரித்துவிட்டோம். மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குழந்தை இருக்கும் வீடுகளுக்கு முதலில் கொடுத்துவிட்டு வந்த பையன்களே, நீங்கள் எந்தத் தெரு என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தவர்கள் இதை அவர்களிடம் காட்டுங்கள்.

இன்னும் இருவர். லெதர் ஜாக்கெட்டில் பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்ததைப் பார்த்து நான் அழாத குறையாக நின்றபோது துடைத்துத் தந்த செருப்புத் தைக்கும் தாத்தா. போர் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று நான் மளிகைக் கடையில் சண்டைக்குப் போனபோது, பருப்பு மேல் தப்பில்லை, கேன் தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள் என்று பொறுமையாகச் சொன்ன கடை அண்ணி. அப்புறம், 1988இலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஜனவரி தொடங்கி ராத்திரி முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஆமை முட்டைகளைக் காப்பாற்றத் தேடி நடக்கும் மாணவர்கள் அமைப்பு. கடலைப் பார்த்தாலே பயப்பட்ட என் மகன் அவர்களோடு ஒரு ராத்திரி நடந்துவிட்டு வந்தான், பங்குனி ஆமை முட்டையிட்ட குழியை நேரில் பார்த்தானாம், மூன்று நாள் வேறு பேச்சே இல்லை.

மழையில் நனைந்த ரஜாய்களில் நாலு தேறவில்லை. இரண்டு நன்றாக இருக்கின்றன, வெயிலில் போட்டு உதறி வைத்திருக்கிறோம். கூடவே ஐந்து ஸ்வெட்டர், இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, ஒரு குரங்குக் குல்லாய். ஜனவரியில் டெல்லிப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் புதிதாக வாங்காதீர்கள், வந்து எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாவது மாடி, கேட் துருப்பிடித்திருக்கும் வீடு. அடுத்த மாதம் பெயின்ட் அடிக்கப்போகிறோம், அதற்கு முன்னால் வந்தால் அடையாளம் சுலபம்.