கிணற்றைச் சுற்றியாவது மண்ணைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும் சேகரக் குழுவினருக்கும் தோத்திரம்.

ஆலய வளாகத்திலிருந்த புளியமரத்தையும் இரண்டு வேம்புகளையும் வெட்டி, வாசல்வரை சிமெண்ட் கற்கள் பதித்ததன் காரணம் நாம் எல்லோரும் அறிந்ததே. வண்டி நிறுத்த இடம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. கிணற்றைச் சுற்றியாவது அந்தக் கற்களைப் பெயர்த்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நொய்யல் ஆற்றங்கரைக்காரர்களுக்குச் சாயக்கழிவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவு தேங்கும் குட்டையானது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகும் எங்கள் காட்டுக் கிணறுகளில் உப்புத்தான் கரிக்கிறது. மழைநீர் நின்று இறங்கிய ஆலயக் கிணறு மட்டுமே வாயில் வைக்கும்படி இருந்தது. விடியலில் குடத்தோடு வந்த பெண்களிடம், எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்று நம் சபை ஒருநாளும் கேட்டதில்லை. இந்த ஐப்பசி மழையோ கற்களின்மேல் வழிந்து சாக்கடைக்குப் போயிற்று. மார்கழியில் அந்தத் தண்ணீரில் போட்ட பருப்பு வேகவில்லை. எண்பதை நெருங்கும் என் அமுச்சி (அம்மாவின் அம்மா) இப்போது தண்ணீர் கேன் வாங்குகிறார். அதை உள்ளே தூக்கிவைக்க, பக்கத்து வீட்டுப் பையன் வரும்வரை திண்ணையில் காத்திருக்கிறார்.

இதைச் சொன்னபோது, "புதிய வானமும் புதிய பூமியும் வரப்போகின்றன, மரத்துக்காக ஏன் இத்தனை பேச்சு?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இயற்கையின் சீரழிவில் கிறிஸ்தவத்துக்குப் பெரும் பங்குண்டு என்று 1967இல் வரலாற்றாசிரியர் லின் ஒயிட் குற்றஞ்சாட்டியது இத்தகைய பேச்சைக் கேட்டுத்தானோ என்று வருந்தினேன். பூமியை 'ஆண்டுகொள்ளுங்கள்' என்று சொன்ன, வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம்தான், அடுத்த அதிகாரத்திலேயே, தோட்டத்தைப் 'பண்படுத்தவும் காக்கவும்' மனிதனை வைத்ததாகச் சொல்கிறது. அங்குள்ள எபிரெய வினைச்சொற்கள் இரண்டும் வேதத்தின் இன்னொரு நூலான எண்ணாகமத்தில், ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தில் லேவியர் செய்த இறைப்பணியைக் குறிப்பவை. மண்ணைக் காப்பதும் ஆராதனையே என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? பகைவரின் பட்டணத்தை முற்றுகையிடும்போதுகூடக் கனிமரங்களை வெட்டாதே என்கிறது உபாகமம் 20. நாமோ சமாதான காலத்தில், நம் சொந்த வளாகத்தில், ஒரே பகலில் மூன்று மரங்களைச் சாய்த்தோம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த பருவமழைக்கு முன் கிணற்றைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குக் கற்களைப் பெயர்த்து, கூரைநீரை அங்கே இறக்கி, மூன்று வேப்பங்கன்றுகளை நட அனுமதிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். ஆள்கூலியை எங்கள் தெருவார் ஏற்றுக்கொள்கிறோம். கன்றுகள் என் வீட்டு வாசலில் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருவர்