வலம்புரிச் சங்கும் வலப்பக்க இதயமும்: சில திருத்தங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் வலம்புரிச் சங்கையும், இதயம் முதலிய உறுப்புகள் இடவலம் மாறிப் பிறப்பதையும் பற்றி வந்த கட்டுரையில் சில பிழைகள் உள்ளன. ஒன்றால் வாசகருக்குப் பணம் போகும். இன்னொன்றால் ஒரு பிள்ளையின் நோய் கவனிக்கப்படாமல் போகலாம். ஊர்ப் பெயரிலேயே நத்தையை (மலாயில் ‘சிப்புட்’) வைத்திருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து இதற்கு ஒரு மறுப்பு வருவதுதான் முறை.

முதலில் பெயர்க் குழப்பம். விலங்கியலில் சுருள் தொடங்கும் கூர்முனையை (ஊதுவதற்காக அறுக்கும் பக்கம்) மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடிப்பார்கள். வாய் வலக்கைப் பக்கம் இருந்தால் வலச்சுருள். நம் வழக்கமோ தீர்த்தம் வடியும் மூக்கை மேலே பிடிப்பது. அப்போது வாய் மறுபக்கம் போய்விடும். ஆகவே நாம் இடம்புரி என்னும் சாதாரணச் சங்கு அறிவியலில் வலச்சுருள். வலம்புரி என்று போற்றும் அபூர்வம் இடச்சுருள். இரண்டு வழக்கும் சரிதான், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதவரை. இனி இங்கே வலச்சுருள், இடச்சுருள் என்பவை அறிவியல் வழக்கில்தான்.

மன்னார் வளைகுடாவில் எடுக்கும் நம் சங்கில் இடச்சுருள் மிக மிக அரிது. ஆனால் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் வாழும் லைட்னிங் வெல்க் என்ற வேறு இனத்துக்கு இடச்சுருள்தான் இயல்பு. அதன் தோள் முடிச்சுகளைத் தேய்த்து, வெள்ளையாக மெருகேற்றினால் ‘வலம்புரி’ தயார். காதில் வைத்தால் ‘ஓம்’ கேட்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. தேநீர்க் குவளையும் சுற்றுப்புற ஓசையை அப்படித்தான் முழக்கும். விரலை வாய்க்குள் விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். உண்மைச் சங்கில் மூன்று நான்கு மடிப்புகள் தட்டுப்படும். வெல்க்கில் மடிப்பே இராது. படத்தை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம். சாதாரணச் சங்கின் படத்தைக் கைப்பேசியில் இடவலம் புரட்ட ஒரு நொடி போதும். நீங்கள் வெளியிட்ட படத்திலும் பின்னால் இருக்கும் ஊதுபத்திப் பெட்டியின் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கின்றன!

‘வலம்புரியின் குஞ்சு வலம்புரியாகவே பிறக்கும்’ என்கிறது கட்டுரை. சங்கும் நத்தையினமே, நத்தையினத்தில் கணக்கு அவ்வளவு நேர் அல்ல. இதை நன்றாக ஆராய்ந்திருப்பது லிம்னியா என்ற குளத்து நத்தையில். அதில் சுருளின் திசையை முடிவுசெய்வது குஞ்சின் மரபணு அல்ல, தாயின் மரபணு. வலச்சுருள் ஓங்குபண்பு, தாயிடம் அதன் ஒரு பிரதி இருந்தாலே குஞ்சுகள் அத்தனையும் வலம். இரண்டு பிரதியும் ‘இட’மாக ஒரு குஞ்சு அவற்றில் இருந்தாலும் அதன் ஓடு வலமாகத்தான் சுருளும், அதன் பிள்ளைகள்தான் மொத்தமாக இடம் சுருளும். மரபியலில் மெண்டல் கண்ட 3:1 விகிதம் (ஓங்குபண்பு மூன்று, மற்றது ஒன்று) இங்கே ஒரு தலைமுறை தள்ளி வருகிறது. 1923இல் மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் விளக்கிய இந்த இடத்தில்தான் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) மாணவர்கள் இன்றும் சறுக்குகிறார்கள்: ஓட்டைப் பார்த்து அந்த நத்தையின் மரபணுவை எழுதிவிடுவார்கள். ஓடு காட்டுவது அம்மாவை.

தாய் முட்டைக்குள் வைத்துவிடும் ஃபார்மின் வகைப் புரதம் ஒன்று, செல்லுக்குச் சட்டமாக நிற்கும் ஆக்டின் இழைகளைக் கட்டுகிறது. திருகு அங்கேயே தொடங்குகிறது. நான்கு செல் எட்டாகும்போது மேல் நான்கும் ஒரு பக்கமாகத் திரும்பி உட்காருவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் அந்தக் கட்டத்தில் செல்களைக் கண்ணாடிக் குச்சியால் எதிர்ப்பக்கம் தள்ளியே நத்தையை இடமாக வளர்த்துவிட்டார்கள். ஆனால் அவற்றின் குஞ்சுகள் வலமாகவே பிறந்தன. 2019இல் கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் தாயின் இரு பிரதியையும் முறித்த பிறகுதான் குஞ்சுகள் இடம் திரும்பின.

இதயம் முதலிய உறுப்புகள் இடமா வலமா என்பதில் எலிக்கும் மனிதருக்கும் இந்தத் தாய்க்கணக்கு பொருந்தாது. அங்கே முடிவுசெய்பவை கருவின் சொந்த மரபணுக்கள். எலிக் கருவின் நடுக்கோட்டில் ஒரு சிறு குழி. அதில் இருநூறு முந்நூறு நுண்மயிர்கள் நொடிக்குச் சுமார் பத்துச் சுற்றுச் சுழலும். அவை வால்புறம் சாய்ந்திருப்பதால் இடப்பக்கம் வீசும்போது நிமிர்ந்து திரவத்தைத் தள்ளும். வலப்பக்கம் திரும்பும்போது தரையை ஒட்டிப் போவதால் அந்த வீச்சுக்கு வலு இராது. விளைவு, திரவம் இடப்பக்கம் ஓடும். 1998இல் ஜப்பானில் கண்டது இது. ஓட்டம் போகும் பக்கம் நோடல் மரபணு விழிக்கும். அது பிட்எக்ஸ்2 என்ற இன்னொரு மரபணுவை எழுப்பும். நடுவில் லெஃப்டி என்ற புரதம் வேலிபோல் நின்று செய்தி வலப்பக்கம் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். நுண்மயிர் பழுதானால் உறுப்புகள் இடம்மாறிவிடும் என்று கட்டுரை சொல்வது பாதிதான் உண்மை. ஓட்டம் நின்றால் பூவா தலையாதான்: பாதிக் கருக்களில் இதயம் இடம், பாதியில் வலம்.

இதே வகை நுண்மயிர்தான் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுகிறது. ஓயாத சைனஸ், நுரையீரலில் சளித்தேக்கம், இடம்மாறிய உறுப்புகள் மூன்றும் சேர்ந்து வருவதை 1933இல் மருத்துவர் கார்டஜெனர் விவரித்தார். பெரும்பாலும் இது ஒடுங்குபண்பு. பெற்றோர் இருவரும் பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பாதிக்கப்படுவோரிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் உறுப்புகள் மாறும். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணந்தவர்களிடம் ஒரே பழுது இருவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம்.

உறுப்புகள் முழுதும் இடம்மாறிப் பிறப்பவர் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவர். அவர்களில் பலர் நோய்நொடியின்றி வாழ்கிறார்கள். ஆனால் பிறந்த நாளிலிருந்தே பிள்ளைக்குச் சளி இருமலும் மூக்கொழுகலும் ஓயவில்லை என்றால், கிளினிக்கில் இருமல் மருந்தோடு திரும்பாமல் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். உறுப்புகள் மாறியவர்களுக்குக் குடல்வால் வலி இடப்பக்கம் வரும், ஈ.சி.ஜி. வயர்களையும் மாற்றி ஒட்ட வேண்டும். எக்ஸ்ரேயில் ‘எல்’ அல்லது ‘ஆர்’ குறி பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறி இல்லாவிட்டால் இதயம் மாறியிருக்கிறதா, உங்கள் சங்குப் படம்போல பிலிம் புரண்டிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

உயிரியல் ஆசிரியர்கள் இருவர்,
சுங்கை சிப்புட், பேராக்