அந்த மூத்த பையன் ஓடினானே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பாட்டிமார் சொன்ன கதைகளைத் தேடிப்பிடித்துச் சிறுவர் பக்கத்தில் போடுங்கள் என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அண்ணன் தங்கை பாசத்துக்கு நல்லதங்காள் கதை ஒன்று போதுமே என்றும் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கம் இந்தக் கதை தெரியாத வீடு கிடையாது. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலே இருக்கிறது. எங்கள் அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டே ராகம் போட்டுச் சொல்வார். பன்னிரண்டு வருஷப் பஞ்சம், ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், அண்ணன் ஊரில் இல்லை, அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்திவிடுகிறாள், அப்புறம் மனசில்லாமல் உள்ளே விட்டு, அடுப்பெரிக்கப் பச்சை வாழை மட்டையைக் கொடுக்கிறாள். நாங்கள் பிள்ளைகளெல்லாம் அலங்காரியைத் திட்டித் தீர்ப்போம். இன்றைக்கும் எங்கள் தெருவில் நாத்தனாருக்கு முகம் கொடுக்காத பெண்ணுக்கு அந்தப் பெயர்தான்.

எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். பரணில் கிடந்த பெரிய எழுத்து நல்லதங்காள் கதைப் புத்தகத்தைப் போன மாதம் எடுத்துப் படித்தேன். அவமானம் தாங்காமல் சாகத் துணிந்த நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடுகிற இடம் வந்தது. மூத்தவன் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடுகிறான், என்னை விட்டுவிடம்மா, நான் எப்படியாவது பிழைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சுகிறான், அவனையும் விடாமல் பிடித்துப் போடுகிறாள். இந்த இடம் வரும்போது அப்பாயி பாட்டை வேகமாக்கிவிடுவார், கையும் வேகமாக ஓடும், புளியங்கொட்டை முற்றத்தில் தெறிக்கும். நாங்கள் அழுவோம், ஆனால் அம்மாவை நினைத்துத்தான் அழுவோம். அந்தப் பையனுக்காக அழுததாக எனக்கு ஞாபகமே இல்லை, அதுதான் என்னைப் போட்டு உலுக்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாத்திய கதவு அவள் பத்தினி என்பதால் தானே திறக்கிறது, பச்சை மட்டை பற்றி எரிகிறது. அந்தக் கற்புக்கு ஏழு பிள்ளைகளின் வயிற்றை ஒரு வேளை நிரப்ப முடியவில்லையே! மானம் போன பிறகு உயிர் எதற்கு என்று அவள் தன் உயிரைப் பற்றி முடிவு செய்ததே கொடுமை, அதை ஏழு பேருக்கும் சேர்த்து முடிவு செய்ததைத்தான் நாம் தாய்ப்பாசம் என்று சொல்லிக் கொடுக்கிறோம். இன்றைக்கும் கடன் தொல்லை, குடும்பத் தகராறு என்று பிள்ளைகளோடு கிணற்றில் குதித்த தாய் பற்றிச் செய்தி வந்தால், பாவம், அந்தப் பிள்ளைகளைத் தனியே தவிக்கவிட மனசு வரவில்லை போல என்று பேசிக்கொள்கிறோம். நானே பேசியிருக்கிறேன்.

பாடிய பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என் அப்பாயியுடையது, பசி அவர்களுக்குக் கதை இல்லை. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் விருந்தாளிதான், சோறு போட்டால் உண்டு. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்ததே 1989-ல்தான். அந்த வீட்டில் நல்லதங்காளுக்கு உரிமையாக ஒரு பிடி நெல் இருந்திருந்தால் அலங்காரியின் கையைப் பார்த்து நின்றிருப்பாளா? அதைக் கதையில் யாரும் கேட்பதில்லை. அண்ணன் திரும்பி வந்து பெண்டாட்டியைக் கொல்கிறான், தானும் சாகிறான், அவன் நல்லவன் என்று முடிகிறது. எனக்கு அது ஒப்பவில்லை.

கதையை ஒளித்து வைக்கச் சொல்லவில்லை, தயவு செய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியவர்கள் படிக்கிற பக்கத்தில் முழுசாகப் போடுங்கள். பாசக் கதை என்று தலைப்பு வைக்காதீர்கள். சிவனும் பார்வதியும் வந்து பிள்ளைகளை எழுப்பிவிடுவதாகச் சிலர் சொல்வார்களே, அதையும் கடைசியில் ஒட்ட வேண்டாம். இடம் போதவில்லை என்றால் வாழை மட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அந்த மூத்த பையன் ஓடுவதையும் அவன் சொல்வதையும் மட்டும் ஒரு வரிகூட வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீவில்லிபுத்தூர்.